டைப்ஸ்கிரிப்டில் எழுதிய வலைச் செயலியில் பிழை தேடுதல்: வரிசைப்படி ஒரு முழுமையான வழிகாட்டி

ஜாவாஸ்கிரிப்டுடன் வகைக் குறிப்புகளைச் சேர்த்த மொழியான டைப்ஸ்கிரிப்டில் எழுதப்படும் செயலி இரண்டு உருவங்களில் இருக்கிறது. நாம் எழுதிய கோப்பு ஒன்று. கம்பைலர் (மொழிமாற்றி), பண்ட்லர் (பல கோப்புகளை ஒன்றாக்கும் கருவி), சுருக்கி (கோப்பின் அளவைக் குறைக்கும் கருவி) ஆகியவற்றைக் கடந்து உலாவியில் உண்மையில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மற்றொன்று. உலாவியில் உள்ள பிழைதேடும் கருவிப் பலகமான டெவ்டூல்ஸ் முதலாவதை நமக்குக் காட்டிக்கொண்டே இரண்டாவதை ஓட்டுகிறது. இரண்டுக்கும் நடுவே வரிக்கு வரி பொருத்தம் சொல்வது சோர்ஸ் மேப் என்னும் கோப்பு மட்டுமே.

புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் முதல் வேலையாகப் பிரேக்பாயிண்ட் (ஓட்டத்தை ஒரு வரியில் நிறுத்தும் குறி) வைப்பதைப் பார்த்து வருகிறேன். அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்காதபோது, தங்கள் தர்க்கத்தின் மீது சந்தேகம் கொண்டு, சரியாக இருக்கும் நிரலை மாற்றத் தொடங்குகிறார்கள். பல மணி நேரம் கழித்துத்தான் உலாவியில் ஓடியது நேற்றைய பில்ட் (கருவிகளைக் கடந்து உருவான கோப்புகள்) என்பதோ, மேப் மூன்று வரி தள்ளியிருந்தது என்பதோ தெரியவருகிறது. எனவே இந்த வழிகாட்டியில் பிரேக்பாயிண்ட் ஏழாவது படியில்தான் வருகிறது. அதற்கு முந்தைய ஆறு படிகளையும் பழகியவர் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம்.

கோட்லின், டார்ட், குளோஜர்ஸ்கிரிப்ட் ஆகியவற்றிலிருந்து ஜாவாஸ்கிரிப்டுக்கு மாற்றும் கம்பைலர்களும் இதே சோர்ஸ் மேப் வடிவத்தையே தருகின்றன. அமைப்புகளின் பெயர்கள் மாறுமே தவிர, படிகளின் வரிசை மாறாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், நம் கோப்பு உலாவியைச் சென்றடையும் வரை எந்தெந்தக் கருவிகளைக் கடக்கிறது என்பதை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொள்ள வேண்டும். டைப்ஸ்கிரிப்ட் கம்பைலர், பேபல் (மொழிமாற்றி), வெப்பேக் (பண்ட்லர்), டெர்சர் (சுருக்கி) என்று நான்கு நிலைகள் இருக்கலாம். வீட் (Vite) என்ற பில்ட் கருவியைப் பயன்படுத்தும் திட்டத்தில் இரண்டே இருக்கலாம். பின்னர் மேப் எங்கே அறுந்தது என்று தேடும்போது இந்தத் தாளைத்தான் நிலை நிலையாகப் பின்தொடர்ந்து செல்வோம். இதை எழுதாமல் நினைவிலிருந்து தேடுபவர்கள், பில்ட் ஸ்கிரிப்டின் கடைசியில் யாரோ சேர்த்து வைத்த ஒரு சிறிய படியை எப்போதும் தவறவிடுகிறார்கள்.

அடுத்து, பிழையை மீண்டும் நிகழ்த்தும் செய்முறை வேண்டும். எந்தப் பக்கம், எந்தப் பொத்தான், எந்த உள்ளீடு என்பது தெரியாத பிழைக்குக் கருவிகளால் பயனில்லை. பிழை தென்பட்ட பதிப்பின் மூல நிரல், அதே கமிட்டில் (பதிவு செய்த நிலையில்), நம் கணினியில் இருப்பதும் அவசியம். வேறொரு நாளின் நிரலை வைத்துக்கொண்டு தேடினால் வரி எண்கள் அனைத்தும் பொய்யாகும்.

2. வகைச் சோதனையைத் தனியாக ஓட்டுதல்

பில்ட் வெற்றி பெற்றதால் வகைப் பிழை எதுவும் இல்லை என்று கொள்ளக் கூடாது. பேபல், ஈஎஸ்பில்ட், வீட் ஆகியவை டைப்ஸ்கிரிப்டின் வகைக் குறிப்புகளை நீக்கிவிட்டு மேலே செல்கின்றன. வகை சரியா என்று அவை பார்ப்பதே இல்லை. வெப்பேக்கின் டிஎஸ்-லோடரும் ‘டிரான்ஸ்பைல்ஒன்லி’ அமைப்பில் அவ்வாறே நடந்துகொள்கிறது. டைப்ஸ்கிரிப்டின் சொந்தக் கம்பைலர்கூட, ‘நோஎமிட்ஆன்எரர்’ என்ற அமைப்பை இயக்காதவரை, வகைப் பிழைகளை அறிவித்துவிட்டு ஜாவாஸ்கிரிப்டையும் எழுதித் தந்துவிடும்.

ஆகவே டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரை ஓட்டும் டிஎஸ்சி (tsc) கட்டளையை ‘நோஎமிட்’ என்ற தேர்வுடன் ஒருமுறை ஓட்டி, அது தரும் பிழைகளை முதலில் படியுங்கள். உலாவியில் ஒரு மணி நேரம் தேடிக் கண்டுபிடிக்கப்படும் பிழைகளில் கணிசமானவை இந்தப் பட்டியலிலேயே இருப்பவை.

3. உலாவியில் ஓடுவது எந்த பில்ட்?

சந்தேகத்துக்குரிய கோப்பின் முதல் வரியாக, இப்போதைய நேரத்தைக் கையால் தட்டச்சு செய்த ஒரு கன்சோல் லாக் வரியைச் சேருங்கள். பில்ட் செய்து, பக்கத்தைப் புதுப்பித்து, அந்த நேரம் கன்சோலில் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் நாம் பார்த்துக்கொண்டிருப்பது பழைய கோப்பு. இது தீராமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

பழைய கோப்பு வருவதற்கு வழக்கமாக மூன்று காரணங்கள் உண்டு. உலாவியின் தற்காலிகச் சேமிப்பு ஒன்று: நெட்வொர்க் பலகத்தில் ‘டிசேபிள் கேஷ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் தீரும், ஆனால் டெவ்டூல்ஸ் திறந்திருக்கும் வரையில்தான் அது செயல்படும். சர்வீஸ் வொர்க்கர் (பின்னணியில் ஓடி, சேமித்த கோப்புகளைத் தரும் ஸ்கிரிப்ட்) இன்னொன்று: அப்ளிகேஷன் பலகத்தில் அதன் பதிவை நீக்க வேண்டும். மூன்றாவது, கம்பைலரின் வெளியீட்டுக் கோப்புறையும் சர்வர் கோப்புகளை எடுத்துத் தரும் கோப்புறையும் வேறுவேறாக இருப்பது. கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தோன்றினாலும், ஒரு திட்டத்தில் புதிதாகச் சேருபவர்களை அதிகம் அலைக்கழிப்பது அதுதான்.

4. சோர்ஸ் மேப்பை உருவாக்குதல்

கம்பைலரின் அமைப்புகள் உள்ள டிஎஸ்கான்ஃபிக் கோப்பில் ‘சோர்ஸ்மேப்’ என்ற அமைப்பை இயக்குவது முதல் வேலை. அதனுடன் ‘இன்லைன்சோர்ஸஸ்’ என்பதையும் இயக்குமாறு பரிந்துரைக்கிறேன். அது இல்லையென்றால் மேப்பில் மூலக் கோப்பின் முகவரி மட்டுமே இருக்கும். உலாவி அந்த முகவரியில் டைப்ஸ்கிரிப்ட் கோப்பைத் தேடி சர்வருக்குச் செல்லும். பெரும்பாலான சர்வர்கள் மூலக் கோப்புறையை வெளியே தருவதில்லை என்பதால், கோப்பின் பெயர் மட்டும் தெரிந்து உள்ளடக்கம் வெறுமையாக இருக்கும். இயக்கினால் மூல நிரல் முழுவதும் மேப்புக்குள்ளேயே வந்துவிடும்.

பண்ட்லர் இருந்தால் இது போதாது, ஏனெனில் ஒவ்வொரு நிலையும் தனக்கு முந்தைய நிலையின் மேப்பை வாங்கித் தன் மேப்புடன் இணைக்க வேண்டும். வெப்பேக்கில் ‘டெவ்டூல்’ என்ற அமைப்பையும் டிஎஸ்கான்ஃபிக்கில் ‘சோர்ஸ்மேப்’ என்பதையும் சேர்த்தே இயக்க வேண்டும். ஒன்றை மட்டும் இயக்கிவிட்டு மற்றொன்றை மறப்பது மிகப் பரவலான தவறு. அப்படி மறந்தால் மேப் வரும், ஆனால் அது டைப்ஸ்கிரிப்டைக் காட்டாமல் பாதி வழியில் மாற்றப்பட்ட ஜாவாஸ்கிரிப்டைக் காட்டும்.

வெப்பேக்கின் வளர்ச்சிப் பயன்முறையில் ‘டெவ்டூல்’ எதுவும் குறிப்பிடாவிட்டால் ‘இவால்’ என்பது இயல்பாக அமையும். அதிலும் தெரிவது மாற்றப்பட்ட நிரலே. ‘சீப்’ என்று தொடங்கும் வகைகள் விரைவாக உருவாகின்றன, ஆனால் வரியை மட்டுமே பதிகின்றன. வரிக்குள் எந்த எழுத்திடம் என்பதைப் பதிவதில்லை. ஒரே வரியில் மூன்று அழைப்புகள் சங்கிலியாக இருக்கும் நிரலில் எது தவறியது என்று இவற்றால் சொல்ல முடியாது. பிழை தேடும் நேரத்தில் ‘சோர்ஸ்-மேப்’ என்ற முழு வகையையே நான் பயன்படுத்துகிறேன். பில்ட் சற்றுத் தாமதமாவது அந்த வேலையில் பெரிய இழப்பு அல்ல.

வீட் கருவியில் வளர்ச்சி சர்வர் தானாகவே மேப் தருகிறது. வெளியீட்டு பில்டில் மட்டும் ‘பில்ட்’ பகுதியின் ‘சோர்ஸ்மேப்’ அமைப்பை நாமே இயக்க வேண்டும். இயல்பில் அது அணைந்திருக்கும். டெர்சரைத் தனிக் கட்டளையாக ஓட்டும் திட்டங்களில், முந்தைய நிலையின் மேப் எது என்பதை ‘கன்டென்ட்’ என்ற தேர்வின் மூலம் அதற்குச் சொல்லாவிட்டால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும்.

5. மேப் உலாவியை வந்தடைந்ததா?

உருவான ஜாவாஸ்கிரிப்ட் கோப்பைத் திறந்து அதன் கடைசி வரியைப் பாருங்கள். ‘சோர்ஸ்மேப்பிங்யூஆர்எல்’ என்று தொடங்கும் ஒரு குறிப்பு, மேப் கோப்பின் முகவரியுடன் அங்கே இருக்க வேண்டும். அதைக் கண்டுதான் உலாவி மேப்பைத் தேடுகிறது. ‘சோர்ஸ்மேப்’ என்ற எச்டிடிபி தலைப்பின் மூலமாகவும் முகவரியைத் தரலாம். இரண்டும் இல்லையென்றால், மேப் கோப்பு பக்கத்திலேயே கிடந்தாலும் உலாவிக்கு அது தெரியாது.

குரோமில் மேப்புக்கான கோரிக்கைகள் நெட்வொர்க் பலகத்தில் தெரிவதில்லை. இதை அறியாதவர்கள் அங்கே தேடிப் பார்த்துவிட்டு, உலாவி மேப்பைக் கேட்கவே இல்லை என்று முடிவுகட்டுகிறார்கள். ‘டெவலப்பர் ரிசோர்சஸ்’ என்ற தனிப் பலகத்தைத் திறந்தால், எந்த மேப் கிடைத்தது, எது ஏன் கிடைக்கவில்லை என்பது வரிசையாகத் தெரியும். ஃபயர்ஃபாக்ஸ் இத்தகைய பிழைகளைக் கன்சோலிலேயே அறிவிக்கிறது.

404 என்று வந்தால், மேப் கோப்பு சர்வருக்கு நகலாகவில்லை அல்லது முகவரி தவறு என்று பொருள். இதைவிடக் குழப்புவது வேறொன்று. ஒற்றைப் பக்கச் செயலிகளுக்கான சர்வர்கள், தெரியாத எந்த முகவரிக்கும் முகப்புப் பக்கத்தின் எச்டிஎம்எல்லை 200 என்ற வெற்றிக் குறியீட்டுடன் அனுப்புமாறு அமைக்கப்பட்டிருக்கும். இல்லாத மேப்பைக் கேட்டாலும் அதே பக்கம் வரும். உலாவி அதை மேப்பின் வடிவமான ஜேசானாகப் படிக்க முயன்று, எதிர்பாராத ‘<’ குறி ஒன்று முதல் எழுத்தாக இருப்பதாகக் குறை சொல்லும். இந்தச் செய்தியைக் கண்டு மேப் சிதைந்துவிட்டதாக எண்ணிக் கம்பைலரின் அமைப்புகளை மாற்ற வேண்டாம். மேப் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

6. மேப் உண்மை சொல்கிறதா?

மேப் வந்துவிட்டது என்பதால் அது சரியானது என்று ஆகிவிடாது. பிழையோடு தொடர்பில்லாத, நிச்சயமாக ஓடும் ஒரு ஃபங்ஷனின் நடுவில் ‘டிபக்கர்’ என்ற கட்டளையை எழுதி பில்ட் செய்யுங்கள். உலாவி நிற்கும்போது டெவ்டூல்ஸ் சுட்டிக்காட்டும் வரி, நாம் அந்தக் கட்டளையை எழுதிய அதே வரியாக இருக்க வேண்டும். கோப்பின் தொடக்கத்துக்கு அருகே ஒருமுறையும் கடைசிக்கு அருகே ஒருமுறையும் இதைச் செய்வது நல்லது. தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகும் மேப்புகளும் உண்டு.

விலகல் எப்படி வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள, மேப்பின் உள்ளே ஒருமுறை பார்ப்பது தகும். அது ஒரு ஜேசான் கோப்பு. அதில் ‘வெர்ஷன்’ என்பதன் மதிப்பு 3. ‘சோர்சஸ்’ என்பதில் மூலக் கோப்புகளின் பட்டியல். ‘மேப்பிங்ஸ்’ என்பதில் நீளமான எழுத்துச் சரம். அந்தச் சரத்தில் அரைப்புள்ளி ஒவ்வொன்றும் உருவான கோப்பின் ஒரு வரி முடிவதைக் குறிக்கிறது. காற்புள்ளி அதே வரியின் அடுத்த துண்டைக் குறிக்கிறது. பெரும்பாலான துண்டுகளில், உருவான கோப்பின் எழுத்திடம், எந்த மூலக் கோப்பு, அதன் எந்த வரி, எந்த எழுத்திடம் என்ற நான்கு எண்கள் உள்ளன. சிலவற்றில் மூலப் பெயரைச் சுட்டும் ஐந்தாவது எண்ணும் உண்டு. அவை முந்தைய துண்டிலிருந்து எவ்வளவு நகர்ந்தோம் என்ற வித்தியாசங்களாகவே எழுதப்படுகின்றன.

இதிலிருந்து ஒரு நடைமுறை உண்மை கிடைக்கிறது. மேப் உருவான பின் யாராவது ஜாவாஸ்கிரிப்ட் கோப்பைத் தொட்டால், மேப்புக்கு அது தெரியாது. பதிப்பு எண்ணையும் உரிமக் குறிப்பையும் மூன்று வரிகளாகக் கோப்பின் தலையில் சேர்க்கும் பில்ட் ஸ்கிரிப்டுகள் பல திட்டங்களில் இருக்கின்றன. சுருக்கப்படாத கோப்பில் எல்லா இடங்களும் சரியாக மூன்று வரி தள்ளிப்போகும். முழுவதும் ஒரே வரியாகச் சுருக்கப்பட்ட கோப்பிலோ, நிரல் நான்காவது வரிக்குப் போய்விட, மேப்பில் முதல் வரிக்கான தகவல் மட்டுமே இருக்கும், எதுவுமே பொருந்தாது. பண்ட்லரின் சொந்த ‘பேனர்’ வசதியின் மூலம் அந்தக் குறிப்பைச் சேர்த்தால் மேப்பும் சேர்ந்தே நகரும்.

விலகல் இல்லாமல், டைப்ஸ்கிரிப்டுக்குப் பதிலாக ஜாவாஸ்கிரிப்ட் தெரிகிறது என்றால், முதல் படியில் எழுதிய தாளை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நிலையின் வெளியீட்டைப் போல அது இருக்கிறது என்று பாருங்கள். அந்த நிலை மேப்பைத் தரவில்லை, அல்லது அதற்கு அடுத்த கருவி உள்ளே வந்த மேப்பை வாங்க மறுத்திருக்கிறது.

7. இப்போது பிரேக்பாயிண்ட்

முதலில் ‘பாஸ் ஆன் அன்காட் எக்செப்ஷன்ஸ்’ என்பதை இயக்கிப் பிழையை நிகழ்த்துங்கள். விதிவிலக்கு எழும் பிழையாக இருந்தால் உலாவியே இடத்தைக் காட்டிவிடும். ஊகித்து வைக்கும் பத்துப் பிரேக்பாயிண்டுகளை இது மிச்சப்படுத்தும். மற்றவற்றுக்கு, தரவு செயலிக்குள் நுழையும் வாயிலில் முதல் பிரேக்பாயிண்டை வையுங்கள்.

வாயில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. டைப்ஸ்கிரிப்டின் வகைகள் ஓட்டத்தின்போது இருப்பதில்லை. சர்வரிலிருந்து வந்த ஜேசானை ‘ஆஸ்’ என்ற சொல்லால் ஒரு வகையாக அறிவிப்பது எதையும் சோதிப்பதோ மாற்றுவதோ இல்லை. எண் என்று அறிவிக்கப்பட்ட அளவு உண்மையில் எழுத்துச் சரமாக வந்தால், 2 உடன் 1 கூட்டி 3 வருவதற்குப் பதிலாக 21 வரும். அதன் விளைவு நான்கு கோப்புகள் தள்ளித் தெரியும். மூலம் வாயிலில் இருக்கும்.

வரி வரியாக நகரும்போது நூலகக் கோப்புகளுக்குள் வழுக்கி விழாமல் இருக்க, அவற்றை ‘இக்னோர் லிஸ்ட்’ பட்டியலில் சேர்த்துவிடுங்கள். காத்திருப்புடன் கூடிய அசிங்க் ஃபங்ஷன்களில் படி தாவித்தாவிச் சென்றால், எந்த ஜாவாஸ்கிரிப்ட் பதிப்புக்கு மாற்ற வேண்டும் என்று கம்பைலருக்குச் சொல்லும் ‘டார்கெட்’ அமைப்பைப் பாருங்கள். அது ஈஎஸ்5 என்று இருந்தால், எழுதிய ஃபங்ஷன் உண்மையில் ஒரு பெரிய ஸ்விட்ச் கட்டமைப்பாக மாற்றப்பட்டு ஓடுகிறது. ஈஎஸ்2017 முதல் அசிங்க் ஃபங்ஷன்கள் மாற்றமின்றி அப்படியே வெளிவரும். பிழை தேடும் பில்டில் ஈஎஸ்2017 போன்ற ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இருப்பதிலேயே புதியதற்குப் போக வேண்டாம். காரணத்தை ஒன்பதாம் படியில் சொல்கிறேன்.

8. கன்சோலில் பெயர் கிடைக்காதபோது

பிரேக்பாயிண்டில் நின்றபடி, திரையில் கண்ணெதிரே தெரியும் ஒரு ஃபங்ஷனின் பெயரைக் கன்சோலில் தட்டினால், அப்படி எதுவும் வரையறுக்கப்படவில்லை என்று பதில் வரலாம். வேறு கோப்பிலிருந்து இறக்குமதி செய்த பெயர்களில் இது அதிகம் நிகழும். காமன்ஜேஎஸ் என்ற பழைய மாட்யூல் வடிவத்துக்கு மாற்றும்போது, இறக்குமதியான பெயர் அந்தக் கோப்பின் பெயரோடு அடிக்கோடும் 1 என்ற எண்ணும் சேர்ந்த ஒரு பொருளின் உறுப்பாக மாறிவிடுகிறது. ஈஎஸ்5 வடிவத்தில் அம்புக்குறி ஃபங்ஷனுக்குள் இருக்கும் ‘திஸ்’ என்பதும் அடிக்கோடு முன்சேர்ந்த வேறு மாறியாகிறது. ‘கான்ஸ்ட் ஈனம்’ என்பது ஓட்டத்தில் எங்குமே இருக்காது. பயன்படுத்திய இடங்களில் அதன் மதிப்பே நேரடியாக எழுதப்பட்டிருக்கும்.

வலப்பக்கத்து ‘ஸ்கோப்’ பகுதியைத் திறந்து உண்மையான பெயரைப் பார்த்துக்கொள்வதே தீர்வு. நிபந்தனையுடன் கூடிய பிரேக்பாயிண்டிலும் இதை மறக்கக் கூடாது. நிபந்தனையில் எழுதும் பெயர் ஓடும் நிரலில் இல்லையென்றால், அது ஒருபோதும் நிற்காமல் போகக்கூடும். அதைக் கண்டு நிபந்தனை நிறைவேறவில்லை என்று தவறாக முடிவெடுப்பதை அடிக்கடி காண்கிறேன். இறக்குமதிப் பெயரின் மதிப்பு தொடர்ந்து தேவைப்பட்டால், ஃபங்ஷனுக்குள் ஒரு தற்காலிக மாறியில் அதை வாங்கி வைப்பது எளிது.

9. மேப்பை அணைத்துவிட்டுப் படிக்க வேண்டிய பிழைகள்

மூல நிரல் சரியாக இருந்து, ஓட்டம் மட்டும் தவறாக இருந்தால், டெவ்டூல்ஸ் அமைப்புகளில் ஜாவாஸ்கிரிப்ட் சோர்ஸ் மேப்புகளை அணைத்துவிட்டு, சுருக்கப்படாத பில்டில் உருவான நிரலை நேரடியாகப் படியுங்கள். பலர் இந்தப் படிக்குத் தயங்குகிறார்கள். உருவான ஜாவாஸ்கிரிப்ட் படிக்கத்தக்கதே. அதைப் படிக்கப் பழகாமல் சில பிழைகளைக் கண்டுபிடிக்கவே இயலாது.

ஓர் உதாரணத்தை விரிவாகப் பார்ப்போம். ஒரு அடிப்படை வகுப்பின் கன்ஸ்ட்ரக்டர், ‘தொடங்கு’ என்ற மெத்தடை அழைக்கிறது. அதிலிருந்து பிறந்த வகுப்பு அந்த மெத்தடை மாற்றி எழுதி, ‘பட்டியல்’ என்ற உறுப்பில் ஒரு வெற்று வரிசையை வைக்கிறது. அந்த உறுப்பு ஆச்சரியக்குறியுடன், தொடக்க மதிப்பு இல்லாமல் அறிவிக்கப்பட்டிருக்கிறது. ‘டார்கெட்’ ஈஎஸ்2021 வரை இருந்தபோது எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. அதை ஈஎஸ்2022க்கு உயர்த்தியதும், பொருள் உருவான உடனே ‘பட்டியல்’ வரையறுக்கப்படாததாகிவிடுகிறது. கம்பைலர் எந்தப் பிழையும் சொல்வதில்லை.

மூலத்தில் எவ்வளவு நேரம் பார்த்தாலும் காரணம் தெரியாது, ஏனெனில் மூலத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. உருவான நிரலைத் திறந்தால் உடனே புரியும். முன்பு அந்த அறிவிப்பு முழுவதுமாக நீக்கப்பட்டது; ஈஎஸ்2022 முதல் ‘யூஸ்டிஃபைன்ஃபார்கிளாஸ்ஃபீல்ட்ஸ்’ என்ற அமைப்பு இயல்பாக இயங்குவதால், அறிவிப்பு உண்மையான உறுப்பாக வெளியீட்டில் நிற்கிறது. அடிப்படை வகுப்பின் கன்ஸ்ட்ரக்டர் முடிந்த பிறகு அந்த உறுப்பு புதிதாக வரையறுக்கப்பட்டு, முன்பு வைத்த வரிசை போய்விடுகிறது. அறிவிப்புக்கு முன் ‘டிக்ளேர்’ என்ற சொல்லைச் சேர்த்தால் அது வெளியீட்டில் வராது, பிழையும் தீரும். பிழை தேடும்போது டார்கெட்டைக் கண்டபடி உயர்த்த வேண்டாம் என்று சொன்னது இதனால்தான்: ஒரு பிழையைத் தேடும்போது இன்னொன்றை நாமே உருவாக்கிவிடுவோம்.

10. வெளியீட்டுச் சர்வரிலிருந்து வரும் பிழைகள்

மேப்பில் மூல நிரல் முழுவதும் இருக்கும் என்பதால், மூடிய நிரலாக இருந்தால் அதைப் பொது சர்வரில் வைக்கக் கூடாது. கடைசி வரிக் குறிப்பு இல்லாமல் மேப்பை மட்டும் உருவாக்கும் ‘ஹிடன்’ வகை வெப்பேக், வீட் ஆகிய இரு கருவிகளிலும் உண்டு. அந்த மேப்புகளை, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு கோப்புறையாக, உங்கள் குழு மட்டும் அணுகும் இடத்தில் சேமித்து வையுங்கள். வேண்டும்போது மீண்டும் பில்ட் செய்து எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். ஒரு சார்பு நூலகத்தின் சிறு பதிப்பு மாறியிருந்தாலும் சுருக்கப்பட்ட கோப்பின் எழுத்திடங்கள் அனைத்தும் நகர்ந்துவிடும். அந்த மேப் தவறான வரியைத் தயக்கமின்றிக் காட்டும்.

குரோமில் சுருக்கப்பட்ட கோப்பைத் திறந்து, அதன் மீது வலச்சொடுக்கி, ‘ஆட் சோர்ஸ் மேப்’ என்பதன் மூலம் சேமித்த மேப்பைக் கையால் இணைக்கலாம். பயனரிடமிருந்து வந்த ஸ்டாக் டிரேஸ் (பிழை எழுந்த அழைப்புகளின் பட்டியல்) மட்டும் கையில் இருந்தால், மொசில்லாவின் சோர்ஸ்-மேப் நூலகத்தில் ‘ஒரிஜினல்பொசிஷன்ஃபார்’ என்ற மெத்தடுக்கு வரியையும் எழுத்திடத்தையும் தந்து மூல இடத்தைப் பெறலாம். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அந்த நூலகம் வரியை 1 முதலும் எழுத்திடத்தை 0 முதலும் எண்ணுகிறது. குரோமின் ஸ்டாக் டிரேஸ் இரண்டையுமே 1 முதல் எண்ணுகிறது. எழுத்திடத்தில் 1 குறைக்காமல் கொடுத்தால் பல நேரங்களில் சரியான விடையே வரும், சில நேரங்களில் பக்கத்து அழைப்பைக் காட்டும். அதனால்தான் இந்தத் தவறு நெடுநாள் கண்ணில் படாமல் இருக்கிறது.

திருத்தியபின், வளர்ச்சி சர்வரில் மட்டும் சோதித்துவிட்டு நிறுத்தாமல், சுருக்கப்பட்ட வெளியீட்டு பில்டிலும் முதல் படியில் குறித்துவைத்த செய்முறையை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பெயர்களை மாற்றுவது சுருக்கிதான் என்பதால், ஃபங்ஷனின் பெயரையோ வகுப்பின் பெயரையோ நம்பி எழுதிய நிரல் அங்கே மட்டுமே உடையும். மூன்றாம் படியில் சேர்த்த நேர வரியையும் ஆறாம் படியில் சேர்த்த ‘டிபக்கர்’ கட்டளையையும் நீக்கிவிட்டு, அதன் பிறகு கமிட் செய்யுங்கள்.